தனியொருவர் நடத்தும் இணையதளத் தொழிலில் உற்பத்தித் திறன்

உற்பத்தித் திறன் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆலைகளும் பெரிய இயந்திரங்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. இந்தியாவில் தேசிய உற்பத்தித் திறன் குழு 1958-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அக்காலத்தில் ஒரு மனிதர் தம் வீட்டு அறையில் ஒரு கணிப்பொறியை வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள கடைக்கோ பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வேலை செய்து ஊதியம் பெறக்கூடும் என்று எவரும் எண்ணியிருக்க இயலாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்த பின்னர் அத்தகைய தொழில்கள் பல தோன்றின. இணையதளங்களை வடிவமைத்துத் தரும் சுயேச்சைத் தொழில் அவற்றுள் ஒன்று.

இத்தொழிலுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஆதலின் பயிற்சி முடித்த இளைஞர் பலர் இதில் இறங்குகின்றனர். இரவும் பகலும் உழைத்தும் மாத முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்னும் குறை இவர்களிடையே எழுவதுண்டு. இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவன்று. நேரம் எவ்வழியில் செல்கிறது என்பதை அறியாமையே ஆகும்.

கொத்தனார் தரும் பாடம்

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்து வேலையை நுணுகி ஆராய்ந்தார். ஒரு செங்கல்லை வைப்பதற்குக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதைக் கண்டு, அவற்றை 5 ஆகக் குறைத்தார். அதன் பயனாக மணிக்கு 120 செங்கற்கள் வைத்து வந்த இடத்தில் 350 செங்கற்கள் வைக்க முடிந்தது என்று 1911-இல் வெளிவந்த ஃபிரெடெரிக் டெய்லரின் நூல் தெரிவிக்கிறது. இதற்காகக் கொத்தனார் முன்னிலும் விரைந்து கையை வீச வேண்டியிருக்கவில்லை. சாரத்தின் உயரம் சரிசெய்யப்பட்டதால் ஒவ்வொரு கல்லுக்கும் குனிய வேண்டிய அவசியம் நீங்கிற்று. கற்கள் முன்கூட்டியே அடுக்கி வைக்கப்பட்டதால் நல்ல முகத்தைத் தேடித் திருப்பும் வேலையும் நீங்கிற்று.

இணையதள வடிவமைப்பாளரின் வேலையிலும் இத்தகைய குனிதலும் தேடுதலும் உண்டு. வாடிக்கையாளர் எப்போதோ அனுப்பிய கடவுச்சொல்லைப் பழைய செய்திகளில் தேடுதல், ஒரே கோப்பின் பல நகல்களில் எது கடைசியானது என்று ஆராய்தல், வராத புகைப்படங்களுக்காக வேலையைப் பாதியில் நிறுத்திப் பின்னர் விட்ட இடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுதல் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதலில் இவற்றை எழுதிப் பார்க்க வேண்டும்.

நேரக் குறிப்பு

இரு வாரங்களுக்கு ஒவ்வொரு அரைமணி நேரமும் எதற்குச் செலவாயிற்று என்பதை ஒரு சாதாரண நோட்டில் குறித்து வருதல் போதுமானது. வடிவமைத்தலும் நிரல் எழுதுதலும் ஒரு பகுதி. வாடிக்கையாளருடன் பேச்சும் கடிதமும் மற்றொரு பகுதி. திருத்தங்கள், தேடுதல், கணக்கு எழுதுதல், புதிய வேலை தேடுதல், கற்றல் என ஏனையவை தனித்தனிப் பகுதிகள். இரு வார முடிவில் கூட்டிப் பார்த்தால், கட்டணம் பெற்றுத் தரும் மணிகள் எத்தனை, பெற்றுத் தராதவை எத்தனை என்பது விளங்கும்.

கட்டணம் கணக்கிடும் முறை

எடுத்துக்காட்டாக, ஒருவர் மாதம் 25 நாட்கள், நாளொன்றுக்கு 8 மணி வீதம் 200 மணி உழைப்பதாகக் கொள்ளலாம். அவருடைய குடும்பச் செலவும் சேமிப்பும் 36,000 ரூபாய். மின்சாரம், இணைய இணைப்பு, மென்பொருள், கணிப்பொறித் தேய்மானம் ஆகியவை 8,000 ரூபாய். ஆக 44,000 ரூபாய் தேவை. இதனை 200 ஆல் வகுத்து, மணிக்கு 220 ரூபாய் போதும் என்று அவர் முடிவு செய்தால் பெரும் பிழை நேரும். நேரக் குறிப்பின்படி கட்டணத்துக்குரியவை 110 மணிகளே என்றால், மணிக்கு 400 ரூபாய் பெற்றால்தான் அத்தொகை சேரும். 60 மணி வேலைக்கு 24,000 ரூபாய் கேட்க வேண்டியவர் 13,200 ரூபாய் கேட்டு, 10,800 ரூபாயை இழக்கிறார்.

இதே மனிதர் வீண் வேலைகளைக் குறைத்து, கட்டணத்துக்குரிய மணிகளை 140 ஆக உயர்த்தினால் அவருடைய தேவை மணிக்குச் சுமார் 314 ரூபாயில் நிறைவேறும். வேலை கிடைக்குமாயின், 400 ரூபாய்க் கட்டணத்திலேயே மாதம் 56,000 ரூபாய் ஈட்டலாம். அல்லது கட்டணத்தைச் சற்றுக் குறைத்துக் கூடுதல் வேலை பெறலாம். அல்லது மாலையில் நேரத்தோடு வேலையை முடித்துக்கொள்ளலாம். உழைக்கும் மணிகளைக் கூட்டாமலே இப்பயன் கிட்டுவதுதான் உற்பத்தித் திறனின் பொருள்.

வேலையின் எல்லை

வீண் மணிகளுள் பெரும் பகுதி, வேலையின் எல்லை எழுதப்படாமையால் விளைகிறது. ஒரு பள்ளிக்கு இணையதளம் அமைப்பதாயின், தொடங்குமுன் கீழ்க்கண்டவை ஒரே தாளில் எழுதப்பட்டு இருதரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்:

1. பக்கங்கள் எத்தனை, அவற்றில் இடம்பெறுபவை எவை.
2. எழுத்துப் பகுதியையும் புகைப்படங்களையும் தருபவர் யார், எந்த நாளுக்குள்.
3. திருத்தங்கள் எத்தனை முறை. அதற்கு மேற்பட்டால் கட்டணம் என்ன.
4. பள்ளியின் சார்பில் இறுதி முடிவு கூறும் ஒருவர் யார்.
5. டொமைன் பெயரும் ஹோஸ்டிங் கணக்கும் பள்ளியின் பெயரிலேயே இருத்தல்; ஆண்டுக் கட்டணம் செலுத்துபவர் யார்.

இவற்றுள் நான்காவது சிறிதாகத் தோன்றினும் முக்கியமானது. குழு உறுப்பினர் ஐவர் ஐந்து விதமாகத் திருத்தம் கூறுவாராயின் வேலை முடிவுறாது. வேலைக்குரிய நாட்களை, ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்து எண்ணாமல், தேவையான பொருள்கள் யாவும் வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணுதல் நலம். இடையில் புதிய தேவை எழுந்தால், அதற்குரிய மணிகளையும் தொகையையும் எழுதி, ஒப்புதல் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

மீண்டும் பயன்படும் வேலை

ஒருமுறை சரியாகச் செய்ததை மறுமுறை புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. தொடர்புப் படிவம், படத்தொகுப்பு, பட்டியல் முதலியவற்றைச் சோதித்த நிலையில் சேமித்து வைத்தல் வேண்டும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் இலவச மென்பொருள், கோப்புகளில் செய்யப்பட்ட மாற்றங்களை வரிசையாகப் பதிவு செய்வதால், எது கடைசி நகல் என்னும் ஐயத்துக்கு இடமில்லை. நகல் ஒன்று வேறிடத்திலும் இருத்தல் அவசியம்.

தளத்தை ஒப்படைக்குமுன் சரிபார்க்கும் பட்டியல் ஒன்று இருப்பின் பின்னர் எழும் திருத்தங்கள் குறையும். கைபேசியில் பக்கம் சரியாகத் தெரிகிறதா, படிவத்தில் எழுதியது உரியவருக்குச் சேர்கிறதா, இணைப்புகள் யாவும் திறக்கின்றனவா என்பன அதில் அடங்கும். இந்திய மொழிகளில் அமையும் தளங்களுக்கு மற்றொரு சோதனையும் தேவை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் நீண்ட இந்தியமொழிச் சொல் அடங்காமல் போகலாம். ஆதலால் தொடக்கத்திலேயே உண்மையான வாசகத்தை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

செய்திகளுக்கு மறுமொழி கூற நாளில் இரு வேளைகளை ஒதுக்கி, அதனை வாடிக்கையாளருக்கு முன்னரே தெரிவித்துவிட்டால், இடையூறின்றி வேலை செய்யும் நேரம் கிட்டும்.

பணம் வந்து சேருதல்

முடித்த வேலைக்குப் பணம் வராவிடில் மேற்கூறிய சிக்கனம் யாவும் பயனற்றதாகும். மொத்தத் தொகையைத் தொடக்கத்தில் ஒரு பகுதி, வடிவம் ஒப்புக்கொள்ளப்பட்டதும் ஒரு பகுதி, தளத்தைப் பொதுமக்களுக்குத் திறக்குமுன் எஞ்சியது எனத் தவணைகளாகப் பிரித்தல் ஏற்ற முறை. ஒவ்வொரு கட்டமும் முடிந்த அன்றே பில் அனுப்ப வேண்டும்.

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006, சேவை அளிக்கும் தனியொருவருக்கும் துணையாக உள்ளது. இச்சட்டப்படி பணம் செலுத்துவதற்கு எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் தவணை 45 நாட்களுக்கு மேற்படலாகாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிடப்படும். இப்பாதுகாப்பை நாடுவோர் 2020 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவை, வேலையை ஏற்குமுன்னரே செய்துகொள்ளுதல் நலம். இப்பதிவுக்குக் கட்டணம் இல்லை.

பயிற்சி அளிப்போருக்கு

தொழிற்பயிற்சி வகுப்புகளில் நிரல் எழுதக் கற்பிப்பதோடு, இந்நேரக் குறிப்பையும் ஒரு பயிற்சியாக அளிக்கலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு தளத்தை அமைக்கத் தாம் எண்ணிய மணிகளை முன்னர் எழுதி, செலவான மணிகளைப் பின்னர் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுக் காரணம் கூற வேண்டும். களப்பணியாளர்கள் தம் பகுதியில் இத்தொழில் நடத்துவோரைச் சந்திக்கும்போது, முதலில் வருமானத்தை வினவுவதைவிட, கட்டணத்துக்குரிய மணிகள் எத்தனை என்று வினவலாம். அதற்கு விடை கூற முடியாதவருக்கு ஒரு நோட்டும் இரு வார முயற்சியுமே முதல் உதவியாகும்.