கொரிய உணவும் அயல்நாட்டு விருந்தினரும்

ஒரு நாட்டைக் காணச் செல்வோர் அந்நாட்டின் மலைகளையும் மாளிகைகளையும் கண்ணால் கண்டு மீளுகின்றனர். அந்நாட்டின் உணவையோ நாவால் அறிந்து, அதன் சுவையை நினைவில் சுமந்து செல்கின்றனர். அதனாலேயே உணவைக் காட்டி விருந்தினரை அழைப்பதும் இன்று அரசுகளின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. தாய்லாந்து அரசு 2002ஆம் ஆண்டில் அயல்நாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்கத் திட்டம் வகுத்தது. சில ஆண்டுகளில் தென்கொரியாவும் அத்துறையில் இறங்கியது. அம்முயற்சியில் பயன் தந்தவை யாவை, தராதவை யாவை, அவற்றின் காரணம் என்ன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அரசின் திட்டம்

2009ஆம் ஆண்டில் கொரிய உணவை உலகமயமாக்கும் குழுவொன்று அமைக்கப்பட்டது. அன்றைய அதிபரின் துணைவியார் கிம் யூன் ஓக் அதன் கௌரவத் தலைவராக இருந்தார். மறு ஆண்டில் கொரிய உணவு அறக்கட்டளை தோன்றிற்று. 2017ஆம் ஆண்டிற்குள் கொரிய உணவை உலகின் தலைசிறந்த ஐந்து உணவு வகைகளுள் ஒன்றாக்குவதே குறிக்கோள். நாடுகளின் உணவை முதலாவது, ஐந்தாவது என்று வரிசைப்படுத்த அளவுகோல் யாது? அஃது ஒருவரிடமும் இல்லை. அளக்க முடியாத குறிக்கோளுக்குப் பெரும்பொருள் செலவிடப்படுவது குறித்து அந்நாட்டிலேயே கண்டனங்கள் எழுந்தன.

இம்முயற்சியின் தன்மையை ஒரு தின்பண்டத்தின் வரலாறு நன்கு விளக்கும். அரிசி மாவை விரல் அளவு உருட்டி அவித்து, மிளகாய் விழுதுக் குழம்பில் கொதிக்கவிட்டுத் தெருவோரங்களில் விற்பர். பள்ளிப் பிள்ளைகள் விரும்பி உண்ணும் இப்பண்டத்திற்குத் ‘தொக்பொக்கி’ என்று பெயர். 2009ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி ஆய்வுக்கூடமே திறக்கப்பட்டது. வெளிநாட்டார் நாவிற்கேற்பச் சுவையை மாற்றவும் வழி தேடினர். பெயரையும் விட்டுவைக்கவில்லை, அயலார் எளிதில் ஒலிக்க வேண்டும் என்று ‘தொப்போக்கி’ எனச் சுருக்கினர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2021ஆம் ஆண்டில் கொரிய மொழி வழிவந்த 26 சொற்களைச் சேர்த்தது. புல்கோகி, கிம்பாப், ஜாப்சே, பாஞ்சான் முதலிய உணவுப் பெயர்கள் அவற்றுள் அடங்கும். 2024ஆம் ஆண்டின் இறுதிப் புதுப்பிப்பில் தொக்பொக்கியும் இடம்பெற்றது. சுருக்கிய பெயரைத் தலைச்சொல்லாக்காமல், கொரியர் தம் வழக்கிலுள்ள பெயரையே அகராதியார் தலைச்சொல்லாக்கினர். விரும்பி உண்பவர் பெயரையும் கற்றுக்கொள்வர் என்பது இதனால் விளங்கும்.

பெயரை மொழிபெயர்க்கப் புகுந்தால் வரும் இடரும் கருதத்தக்கது. ‘யூக்கோ’ என்பது பச்சை மாட்டிறைச்சியால் ஆன உணவு. கொரிய மொழியில் இறைச்சியையும் ஆறு என்னும் எண்ணையும் குறிக்கும் அசைகள் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆதலால் சில உணவகங்களின் பட்டியலில் அது ‘ஆறு தடவை’ என்று ஆங்கிலத்தில் அச்சாயிற்று. நெடுநேரம் காய்ச்சும் ‘கொம்தாங்’ என்னும் சாறு, அதே காரணத்தால் ‘கரடிச் சாறு’ ஆயிற்று. பெயரை அப்படியே நிறுத்திப் பொருளை விளக்குவதே நேரிய முறை.

ஆசிரியர் வழி வந்த கலை

இனி, பயன் தந்தவற்றைக் காண்போம். சோசன் அரச மரபு 1910ஆம் ஆண்டில் முடிவுற்றது. அரண்மனை அடுக்களையின் கலையும் அதனோடு அழிந்திருக்கும். அங்குப் பணியாற்றிய ஹான் ஹூய் சுன் என்னும் அம்மையாரிடம் ஹுவாங் ஹே சோங் என்னும் பேராசிரியை மாணவியாக அமர்ந்து அதனைக் கற்றார். கற்றதை எழுதியும் வைத்தார். 1971ஆம் ஆண்டில் அரசு அக்கலையை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்து, ஹான் அம்மையாரை அதன் முதல் காவலராக ஏற்றது. மறு ஆண்டே அவர் மறைந்தார். ஓராண்டு தாழ்ந்திருப்பினும் அச்சிறப்பு அவரைச் சென்று சேர்ந்திராது.

ஹுவாங் அம்மையாரின் மகள் ஹான் போக் ரியோ தாயின் வழியில் அக்கலையைப் பயின்றார். 2003ஆம் ஆண்டில் ‘தே ஜாங் கும்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தபோது அதன் சமையற் காட்சிகளுக்கு வழிகாட்டியவர் அவரே. அடுக்களைச் சிறுமியொருத்தி அரசனின் மருத்துவராக உயரும் அக்கதையை ஆசிய நாடுகள் பலவும் கண்டு மகிழ்ந்தன. அவ்வுணவைச் சுவைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் பிறந்தது. 1971க்கும் 2003க்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். அக்காலமெல்லாம் அக்கலையைக் கற்பித்து வந்தவர்கள் சுற்றுலாவைக் கருதி உழைத்தவரல்லர்.

ஊரும் உணவும்

சியோன்ஜு என்னும் நகரம் பழைய ஓட்டு வீடுகளுக்கும் ‘பிபிம்பாப்’ என்னும் கலவைச் சோற்றிற்கும் பெயர் பெற்றது. சோற்றின்மேல் பயற்று முளை, கீரை, பல நிறக் காய்கள், இறைச்சி ஆகியவற்றை வட்டமாக அடுக்கி, மிளகாய் விழுதிட்டுப் பிசைந்து உண்பர். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்நகரை உணவுக்கலை நகரங்களுள் ஒன்றாக ஏற்றது. அம்மாநிலத்திலேயே உள்ள சுன்சாங் என்னும் ஊர் ‘கொச்சுஜாங்’ எனப்படும் அம்மிளகாய் விழுதிற்குப் புகழ் பெற்றது. தலைநகரில் மட்டும் தங்கித் திரும்பும் பயணியைச் சிற்றூர்களுக்கும் அழைத்துச் செல்லும் ஆற்றல் இத்தகைய உணவுகளுக்கு உண்டு. வருவாயும் சிற்றூர் மக்களின் கைக்குச் சேரும்.

விருந்தினரின் ஐயம்

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செல்லும் நம்மவர்க்கு மற்றோர் ஐயம் உண்டு. இதை உண்ணலாமா என்பதே அது. கொரியச் சுற்றுலாக் கழகம் இஸ்லாமியர்க்கு உகந்த உணவகங்களை ஹலால் சான்று பெற்றவை, உரிமையாளரே உறுதி கூறுபவை, பன்றி இறைச்சி இல்லாதவை என்றவாறு வகைப்படுத்தியிருப்பது பாராட்டத்தக்கது. சைவ உணவினர் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. கிம்ச்சி காய்கறியால் ஆனதெனினும், பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ அதில் சேரும். கேட்டறிந்தே உண்ண வேண்டும்.

அவர்களுக்கு ஏற்றது பௌத்த மடங்களின் உணவு. 2025ஆம் ஆண்டில் அதுவும் நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. துறவியர் ஊனோடு பூண்டு, வெங்காயத்தாள் முதலிய ஐந்து காரப் பொருள்களையும் விலக்குவர். பண்டைப் பட்டியலில் அவ்வைந்தனுள் ஒன்று பெருங்காயம்! இந்தியாவிலிருந்து சென்ற பௌத்த நெறி, இந்திய அடுக்களைப் பொருளொன்றின் பெயரையும் அத்துணைத் தொலைவு சுமந்து சென்றிருப்பது வியப்பன்றோ?

வீட்டு அடுப்பு அணைந்தால்

இறுதியாக, மிகவும் எண்ணத்தக்க செய்தி ஒன்று. 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது ‘கிம்சாங்’ என்னும் வழக்கம். பனிக்காலம் தொடங்குமுன் உற்றாரும் அண்டை வீட்டாரும் ஒன்றுகூடிச் சீன முட்டைக்கோசுகளை உப்பில் ஊறவைத்து, கழுவி, இதழ்தோறும் மசாலை தடவிக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்வர். பெருமை பெற்றது ஊறுகாய் அன்று. கூடிச் செய்து பகிரும் அப்பண்பே.

அப்பண்பு இன்று தளர்ந்து வருகிறது. அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் பலர் கடையில் வாங்கி உண்கின்றனர். உணவகங்கள் பல, விலை மலிவு கருதிச் சீனாவிலிருந்து வரும் கிம்ச்சியைப் பரிமாறுகின்றன. 2021ஆம் ஆண்டு நீங்கலாக, அண்மை ஆண்டுகளில் கிம்ச்சி ஏற்றுமதியால் கொரியா ஈட்டியதைவிட இறக்குமதிக்குச் செலவிட்டதே மிகுதி. இயற்கையும் துணை நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டில் முட்டைக்கோசு விலை பன்மடங்கு ஏறிற்று. 2024ஆம் ஆண்டில் வெப்பம் மலைநில விளைச்சலைத் தாக்கியதால் அரசே முட்டைக்கோசை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அவ்வாண்டு கொரியாவைக் காண வந்தோர் 16 மில்லியனுக்கு மேற்பட்டோர். அவர்களுள் பலர் கொரியக் கிம்ச்சி என்று எண்ணிச் சீனக் கிம்ச்சியை உண்டு சென்றிருப்பர்.

ஆகவே உழவனுக்கு விளைநிலமும், இல்லத்தார்க்கு ஓய்வும், இளையோர்க்குக் கற்பிப்பவரும் இருக்குமாறு செய்வதே விளம்பரத்தினும் முதன்மையான பணி. வீட்டார் விரும்பி உண்ணாத உணவை விருந்தினர்க்கு நெடுநாள் பரிமாற இயலாது. கொரியத் தொடர்களைக் கண்டு கிம்ச்சியின் பெயரை நம் மாணவர்கள் நன்கு அறிந்துள்ளனர். ஆசிரியப் பெருமக்கள் அப்பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். “இதனைச் செய்யத் தெரிந்தவர் யார்? அவரிடம் கற்பவர் யார்?” என்று முதலிற் கேட்கட்டும். பின்னர் அவரவர் இல்லத்து உணவொன்றைக் குறித்தும் அதே வினாக்களை எழுப்பட்டும். விடையைப் பிள்ளைகள் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வருவாராயின், அதுவே அவ்வாரத்தின் சிறந்த கட்டுரையாக அமையும்.