உஷார்! சிவப்பு எழுத்து மறைந்துவிட்டதா? அப்போதுதான் பயப்பட வேண்டும்

திருச்சி ஜீயபுரம் பக்கம் வாழைத் தோட்டத்து மோட்டார் ஷெட்டிலோ வீட்டு மாடித் தொட்டியிலோ நோட்எம்சியு, ஈஎஸ்பி32 என்று ஏதாவது ஒரு வைஃபை போர்டை மாட்டி, தண்ணீர் மட்டத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பவரா நீங்கள்? இதைப் படித்து முடிக்கும்வரை ஆர்டுயினோ திரையின் கீழ் மூலையில் எட்டிப்பார்க்கும் 'இன்ஸ்டால் ஆல்' பொத்தானைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

பெரும்பாலும் இது அற்பக் காரணத்தில்தான் தொடங்கும். வீட்டுக்குப் புது ரூட்டர் வந்திருக்கும். ஸ்கெட்சில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றலாம் என்று உட்காருவோம். போகிற போக்கில் அந்தப் பொத்தானையும் அழுத்திவிடுவோம். போர்டின் அடிப்படை மென்பொருளான 'கோர்', லைப்ரரிகள் எல்லாம் புதிய பதிப்புக்கு மாறிவிடும். அவ்வளவுதான், இரண்டு வருடமாக முணுமுணுக்காமல் ஓடிய புரோகிராம் திரை முழுக்கச் சிவப்பாகக் கக்கும்.

எரர் வருவதில் ஆபத்து ஒன்றுமில்லை. கம்பைலர் நமக்கு நல்லதுதான் செய்கிறது. அதை எப்படியாவது வாயடைத்துவிடப் பார்க்கிறோமே, வினை அங்கேதான்.

ஈஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ கோர் 2024-இல் 3.0 பதிப்புக்குத் தாவியது. பஸ்ஸர் அடிக்கவும் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் நாம் எழுதிவந்த 'எல்இடிசி செட்டப்', 'எல்இடிசி அட்டாச்பின்' இரண்டையும் அதில் தூக்கிவிட்டார்கள். பதிலுக்கு 'எல்இடிசி அட்டாச்' என்று ஒரே வரி. எரரைப் பார்த்ததும் நாமும் பழைய இரண்டு வரியை அழித்து, 18-ஆம் பின், 2000 ஹெர்ட்ஸ், 8 பிட் என்று புது வரியைப் போடுகிறோம். சிவப்பு போய்விடுகிறது. அப்லோடும் ஆகிவிடுகிறது. ஆனால் கீழே எங்கோ 'எல்இடிசி ரைட்' என்ற வரி பழையபடியே கிடக்கும், அடைப்புக்குள் முதல் எண் 0. பழைய கோரில் அந்த 0 சேனல் எண். புதிய கோரில் அந்த இடத்தில் இருக்க வேண்டியது பின் எண். கம்பைலருக்கு இரண்டும் வெறும் எண்தான், எரர் காட்டாது. போர்டோ யாரும் இணைக்காத 0-ஆம் பின்னுக்கு உத்தரவு போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். பஸ்ஸர் அடிக்கவே அடிக்காது.

மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12 என்பது வழக்கம். அதற்கு முந்தைய கோடையில் உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் இல்லாத நாட்களில் போர் மோட்டாரை நம்பித்தான் வாழை நிற்கிறது. 'தண்ணீர் இல்லை, மோட்டாரை நிறுத்து' என்று கத்த வேண்டிய பஸ்ஸர் ஊமையாகிக் கிடந்தால், காற்றை இழுத்து ஓடிய மோட்டாரில் காயில் கருகிய வாடை வரும்போதுதான் விஷயம் தெரியும். ரீவைண்டிங் கடைக்காரரிடம் 'கோர் அப்டேட்' என்று விளக்கிப் பிரயோசனமில்லை.

டைமரிலும் இதே கதை. முன்பு 'டைமர் பிகின்' மூன்று எண்களைக் கேட்டது, நடுவில் 80 இருக்கும். இப்போது ஒன்றே ஒன்று, அதுவும் ஹெர்ட்ஸ் கணக்கில். 'ஆர்க்யுமென்ட் அதிகம்' என்ற எரரை அடக்க 80-ஐ மட்டும் விட்டுவைத்தால் கம்பைல் ஆகும், டைமர் ஒழுங்காக ஓடாது. அங்கே வர வேண்டியது பத்து லட்சம்.

பழைய ஈஎஸ்பி8266 வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. 2021-இல் வந்த 3.0 கோரில் எச்டிடிபி பிகினுக்கு முகவரி மட்டும் போதாது, முன்னால் வைஃபை கிளையன்ட்டையும் தர வேண்டும். இது நேரடியாக எரர் காட்டிவிடும், பயமில்லை. போர்டில் கோப்புகளைச் சேமிக்கும் ஸ்பிஃப்ஸ் விவகாரம்தான் மோசம். 'பழசாகிவிட்டது' என்று எச்சரிக்கை வருகிறதே என்று எல்லா இடத்திலும் பெயரை லிட்டில்எஃப்எஸ் என்று மாற்றி ஏற்றுவோம். அது பழைய சேமிப்பைப் படிக்கத் தெரியாமல் தானாகவே ஃபார்மட் செய்துவிடும். சென்சார் அளவுத் திருத்தம், சேர்த்துவைத்த பதிவுகள், எல்லாம் போச்சு.

இன்னொரு குழி. புதிய கோரில் புரோகிராமின் அளவு பெருக்கிறது. 'ஸ்கெட்ச் டூ பிக்' என்றதும் பார்ட்டிஷனை 'ஹியூஜ் ஆப்' என்று மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அதே மெனு வரியில் 'நோ ஓடிஏ' என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். அதன்பிறகு வீட்டிலிருந்தபடி வைஃபை வழியாக அப்டேட் அனுப்ப முடியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் லேப்டாப்பும் கேபிளுமாக வாய்க்கால் வரப்பில் நடக்க வேண்டும்.

சர்வரோடு பாதுகாப்பாக இணையும்போது சான்றிதழ் பிரச்சினை வந்தால், 'செட் இன்செக்யூர்' என்ற வரியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். தீராது. சர்வர் யாரென்று சரிபார்ப்பதை விட்டுவிடும், அவ்வளவுதான். வெப்பநிலை காட்டும் போர்டு என்றால் போகட்டும். மோட்டார் ரிலேவை இயக்கும் போர்டில் இதை நான் அனுமதிக்கவே மாட்டேன்.

'இன்ஸ்டால் ஆல்' பொத்தானை ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? பதற வேண்டாம். போர்ட்ஸ் மேனேஜரில் பதிப்பைத் தேர்ந்தெடுத்து ஈஎஸ்பி32-ஐ 2.0.17-க்கும், ஈஎஸ்பி8266-ஐ 2.7.4-க்கும் இறக்கிக்கொள்ளலாம். ஆர்டுயினோ ஜேசன் போன்ற லைப்ரரிகளையும் அப்படியே பழைய பதிப்புக்குக் கொண்டுவரலாம். 5-ஆம் பதிப்பின் 'டைனமிக் ஜேசன் பஃபர்' 6-இலேயே போய்விட்டது. 7-இல் வெறும் 'ஜேசன் டாக்குமென்ட்'தான். எரர் பட்டியலில் முதல் சிவப்பு வரியை மட்டும் பிடித்துச் சரிசெய்து, மறுபடி கம்பைல் செய்யுங்கள். கீழே கிடப்பவற்றில் பாதி அந்த ஒன்றின் வாரிசுகள். எந்தக் கோர், எந்த லைப்ரரி, என்ன பதிப்பு என்பதை ஸ்கெட்சின் தலையிலேயே கமென்ட்டாக எழுதிவையுங்கள்.

தோட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் மட்டும் கை வைக்காதீர்கள். இன்னொரு போர்டை வாங்கி அதில் புதியதை ஏற்றி, சென்சாரை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். பஸ்ஸர் அடித்தால் மட்டும் மோட்டார் ஷெட்டுக்கு எடுத்துப் போங்கள்.