அப்பா எழுந்ததும் தள்ளாடுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குக் குடும்பத்தோடு காரில் போகிறீர்கள். டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ள அப்பாவும் கூட வருகிறார். வழியெல்லாம் உட்கார்ந்தே வந்தவர், கார் நின்றதும் விருட்டென்று இறங்குகிறார். நாலடி வைப்பதற்குள் கண் இருட்டி... தடால்!

"வயசாயிடுச்சு, வெயில் வேற" என்று சும்மா விட்டுவிடாதீர்கள். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கலாம்.

ஏன் இறங்குகிறது?

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். உடனே நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துச் சரிசெய்யும். வயதானால் இந்த வேலை மந்தமாகிறது. பார்க்கின்சன் நோயிலும், 'லூயி பாடி' வகை டிமென்ஷியாவிலும் அந்த நரம்புகளே பழுதாகின்றன. பிரஷர், புராஸ்டேட், மனநல மாத்திரைகள் சிலவும் இதற்குக் காரணமாகலாம். தாகத்தைச் சொல்லத் தெரியாதவருக்குக் கடலோரப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டினால் கேட்கவே வேண்டாம்.

அவர் சொல்லமாட்டார்

நமக்குத் தலை சுற்றினால் சொல்லிவிடுவோம். அவருக்குச் சொல்லத் தெரியாது. "மெதுவா எழுந்திருங்கப்பா" என்று நூறு தடவை சொன்னாலும் நினைவில் நிற்காது. ஆகவே நீங்கள்தான் கவனிக்கணும். எழுந்ததும் சுவரைப் பிடிக்கிறாரா? வெறித்துப் பார்க்கிறாரா? மறுபடி உட்காரப் பார்க்கிறாரா? காலையிலும், சாப்பிட்ட பிறகும் குழப்பம் கூடுகிறதா?

அளந்து பாருங்கள்

5 நிமிடம் படுக்கவைத்து பி.பி. பாருங்கள். பிறகு நிற்கவைத்து 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் பாருங்கள். பக்கத்திலேயே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களிடமும், "நிற்கவைத்தும் ஒரு தடவை பாருங்களேன்" என்று கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

* எழுப்பியதும் கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காரவையுங்கள். பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்களும் எதிரில் உட்கார்ந்து செய்து காட்டினால், பார்த்துச் செய்வார்.
* எழும் முன் தண்ணீர் கொடுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். உப்பைக் கூட்டுவதும் அப்படியே.
* வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.
* பாத்ரூம் அவசரத்தில் விழுவதும் உண்டு. இரவில் கட்டில் அருகே யூரின் கேன் இருக்கட்டும்.
* பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

மயங்கிவிட்டால்?

தூக்கி உட்காரவைக்காதீர்கள். படுக்கவைத்து, அடிபடவில்லை என்றால் கால்களை உயர்த்துங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. தலையில் அடி, நெஞ்சு வலி, நினைவு திரும்பாமை என்றால் உடனே 108.

கட்டில் ஓரத்தில் அந்த ஓரிரு நிமிடத்தை அவர் மறந்துவிடுவார். நீங்கள் மறக்காமல் இருந்தால், ஒரு இடுப்பெலும்பு முறியாமல் தப்பும்.