வெந்நீரூற்றும் பொதுநீர் ஒழுக்கமும்

மார்கழித் திங்களில் தாம்பரம் குளிர்ந்தது என்று நாம் கூறுவோமாயின் பனிநாட்டார் நகைப்பர். இங்கு வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. ஆயினும் விடுதியில் வாழும் நமக்கு அக்குளிரே பெரிது. விடியுமுன் எழுந்தோன் ஒருவன் மூன்று வாளி வெந்நீரைப் பிடித்துச் செல்வானாயின், பின்வருவோன் தண்ணீரையே தலையிற் கொள்ளல் வேண்டும். வெந்நீரின் அருமையையும், அதனைப் பலர் பகிர்ந்துகொள்வதன் அருமையையும் நாம் முதன்முதற் கற்றது குளியலறை வாயிலிலேயாம்.

விறகும் மின்சாரமும் வேண்டாது நிலமகளே வெந்நீர் வைத்துத் தருவாளாயின் இத்தொல்லை தீருமோ? அங்ஙனம் அவள் தரும் இடங்கள் உலகிற் பல உள. தமிழர் வாழும் நிலத்தில் அவற்றுட் பெயர் பெற்றது, இலங்கையில் திருகோணமலையை அடுத்துள்ள கன்னியா. வெந்நீராடலை ஒரு கலையாகவே வளர்த்தோர் ஜப்பானியர். இவ்விரு நாட்டு வழக்கங்களையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

கன்னியா, திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வழியை ஒட்டி, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே சதுரமாகக் கட்டப்பெற்ற சிறு கிணறுகள் 7 ஒரு மதிலினுள் அமைந்துள்ளன. அவை ஆழமில்லாதன, நீர் தெளிந்திருத்தலின் அடித்தளம் கண்ணுக்குப் புலனாகும். ஒரு கிணற்றின் சூடு மற்றொன்றின் சூட்டோடு முற்றும் ஒவ்வாது. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்றுதற்பொருட்டு இவ்வூற்றுக்கள் தோன்றின என்பது வழிவழி வரும் கதை. அதனையொட்டியே நீத்தார் கடன் ஆற்றும் தமிழர் அங்குச் செல்வது வழக்கமாயிற்று.

இனி, அந்நீர் சூடாதற்குக் காரணம் யாது? பெய்த மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழ்ந்து செல்கின்றது. நிலத்துள் ஒரு கிலோமீட்டர் இறங்குந்தோறும் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை மிகும். அவ்வாழத்திற் சூடேறிய நீர், மேலெழுதற்கு ஏற்ற வேறொரு பிளவைக் காணுமாயின், ஆறிப்போகுமுன் வெளிப்பட்டு ஊற்றாகின்றது. ஆதலின் வெந்நீரூற்றுக்கு எரிமலை இன்றியமையாததன்று. இலங்கையில் எரிமலை இல்லை. ஆயினும் கன்னியா, மகா ஓயா முதலிய இடங்களில் வெந்நீர் சுரக்கின்றது.

ஜப்பானின் நிலை வேறு. அங்கு உயிருள்ள எரிமலைகள் நூற்றுக்கு மேற்பட்டன. உருகிய பாறைக் குழம்பு நிலப்பரப்பிற்கு அணித்தாய் இருத்தலின் ஊற்றுக்களும் மிகப் பல. 1948ஆம் ஆண்டில் அந்நாட்டார் இயற்றிய சட்டத்தின்படி, வெளிவரும்போது 25 பாகையேனும் வெப்பமுடைய நீர் 'ஒன்சென்' என்னும் வெந்நீரூற்றாகக் கொள்ளப்படும். அத்துணை வெப்பம் இல்லாவிடினும், குறித்த தாதுக்களுள் ஒன்று உரிய அளவு கலந்திருப்பின் அதுவும் அப்பெயர் பெறும். இவ்வளவுகோலை இங்குக் கொணர்ந்தால் நம் தாம்பரத்துக் கிணறுகளும் வெந்நீரூற்றுக்களாகிவிடும்! குளிர்நாட்டில் 25 பாகை பெருஞ்செல்வம். நமக்கோ அது தண்ணீர்.

அவ்வூற்றுக்களை அடுத்து 'ரியோக்கன்' என்னும் விடுதிகள் உள. குளிர்காலத்தில் அங்குத் தங்கும் விருந்தினர் வாயிலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, 'தத்தாமி' என்னும் கோரைப்பாய் பரப்பிய அறையுள் புகுவர். 'யுகாத்தா' என்னும் மெல்லிய பருத்தியங்கி உடுப்பர். இரவில் அப்பாயின்மீதே மெத்தை விரிக்கப்படும். பாயிலமர்ந்தும் தரையிற் படுத்தும் வளர்ந்த நம்மவர்க்கு இவையெல்லாம் அயலாகத் தோன்றா. வெளியே பனி பெய்யவும், கூரையற்ற கற்றொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்திருத்தல் அவர்க்குப் பேரின்பம்.

ஆனால் அத்தொட்டியுள் எவரும் நேரே இறங்குதல் கூடாது. முதலிற் சிறு முக்காலியில் அமர்ந்து, சவர்க்காரம் இட்டுத் தேய்த்து, நுரை முற்றும் போக உடலைக் கழுவிய பின்னரே இறங்கல் வேண்டும். துடைக்குந் துணியையும் நீரில் தோய்த்தலாகாது. அழுக்கு நீங்குதற்கு அன்று, இளைப்பாறுதற்கே அத்தொட்டி. கன்னியாவிலோ கிணற்றுள் இறங்குதல் வழக்கமன்று. சிறு வாளியால் முகந்து வெளியே நின்று தலையில் ஊற்றிக்கொள்வர். ஒரு நாட்டார் கழுவிவிட்டு இறங்குகின்றனர். மற்றொரு நாட்டார் இறங்காமலே குளிக்கின்றனர். முறை இரண்டாயினும் கருத்து ஒன்றே: நமக்குப் பின் வருவோனுக்கு நீர் தூயதாய் இருத்தல் வேண்டும் என்பது.

இக்கருத்து அழகியது. ஆயினும் தூய்மை என்னும் சொல்லே ஒரோவழி மனிதரை விலக்குதற்குக் கருவியாகிவிடுகின்றது. ஜப்பானின் ஒத்தாரு என்னும் துறைமுக நகரில், குளிக்கும் முறையறியாப் பிறநாட்டார் சிலரைக் காரணங்காட்டி, அயலார் தோற்றமுடைய எல்லாரையும் ஒரு வெந்நீர்க் குளியலகத்தார் விலக்கினர். ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஒருவரும் அங்ஙனம் விலக்கப்பட்டார். அஃது இனவேற்றுமை பாராட்டலே என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

அவர்களை இகழ்தற்கு நமக்கு வாயில்லை. மகாராட்டிரத்து மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஆடுமாடுகள் நீர் அருந்தின. தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் அருந்துதல் மட்டும் கூடாதென்றனர். 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் அம்மக்களோடு சென்று அந்நீரைப் பருகினார். பின்னர், தீட்டுக் கழித்தல் என்று சொல்லி அக்குளத்திற்குச் சடங்கு செய்தோரும் இருந்தனர். வழக்கு நீண்டு, நம் கல்லூரி தாம்பரத்திற் குடியேறிய அதே 1937ஆம் ஆண்டிற்றான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அம்மக்கள் வென்றனர். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, பொதுக் கிணறும் குளமும் நீராடுதுறையும் சாதி முதலியன பற்றி எவர்க்கும் மறுக்கப்படலாகாது என விதித்தது.

கன்னியாவும் பூசலுக்கு விலக்கன்று. அந்நிலமும் அதன் பழைமையும் எவர்க்குரியன என்னும் வழக்கு 2019இல் நீதிமன்றம் ஏறியது. ஏழு கிணற்று நீரோ அதனையறியாது, முகப்பார் யாவர்க்கும் ஒரே சூட்டோடு சுரந்துகொண்டிருக்கின்றது.

திருமறையிற் காணும் பெதஸ்தா குளத்தை நம்மிற் பலர் அறிவோம். ஆங்கு 38 ஆண்டு நோயுற்றிருந்த ஒருவன் கரையிலேயே கிடந்தான். குளத்தில் நீர் இல்லாமையாலன்று; நீர் கலங்கும்போது அவனைக் கொண்டுபோய் விடுவார் ஒருவரும் இல்லாமையாலும், அவன் செல்லுமுன் வேறொருவன் முந்திக்கொண்டமையாலுமேயாம்.

எனவே, நிலமகள் வெந்நீர் வைத்துத் தந்தால் நம் தொல்லை தீருமோ என்று தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை, தீராது என்பதே. நீரைச் சுடவைத்தல் நிலத்தால் இயலும். அதனைப் பகிர்தல் மக்களாலன்றி இயலாது. முந்தி எழுந்தோன் ஒரு வாளியோடு நின்று, பின்வருவோனுக்கும் வெந்நீர் உளதோவென்று நோக்குதல், கன்னியாவிற்கும் ஜப்பானுக்கும் செல்லாமலே நாளை விடியலில் நம் விடுதியில் நாம் தொடங்கத்தக்க ஒழுக்கமாகும்.