இலை உதிரும் மாதங்களில் வரும் படங்கள்

வருடத்தில் ஒரு வாரம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மற்றவர்களுடைய நேரம் பிடிபடாது. ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளுகிறது. கனடா அதை நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் செய்கிறது. இலங்கை நேரம் மாறுவதில்லை. லண்டனுக்கும் எமக்குமான வித்தியாசம் நாலரை மணித்தியாலத்திலிருந்து ஐந்தரையாகிறது. ரொறன்ரோவுடனான ஒன்பதரை, ஒரு வாரம் கழித்துப் பத்தரையாகிறது. காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த ரொறன்ரோ அழைப்பு எட்டு மணிக்கு வரத் தொடங்கினால், அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று கிளிநொச்சியில் இருக்கும் அம்மம்மா அறிந்துகொள்வார்.

உறவுகள் பல நாடுகளில் பிரிந்து வாழும் குடும்பங்களில், செப்டெம்பர் கடைசியிலிருந்து வட்ஸ்அப் குழு படங்களால் நிறையும். ரொறன்ரோ மாமாவின் குடும்பம் அல்கொன்குயின் பூங்காவில் சிவந்த மேப்பிள் மரங்களின் கீழ் நிற்கும். லண்டன் சின்னம்மா பிள்ளைகளின் ஒக்டோபர் விடுமுறையில் பாரிஸ் போயிருப்பார். சூரிச் சித்தப்பா, தெருவோரத்தில் சுட்டு விற்கும் செஸ்நட் கொட்டைகளோடு ஒரு படம் போடுவார். நாங்கள் இங்கிருந்து காலபோக விதைப்பையும் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் அனுப்புவோம்.

பார்ப்பதற்கு இவை வெறும் சுற்றுலாப் படங்கள். ஆனால் எதை அனுப்புவது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற பழக்கத்தைப் போர்தான் எங்களுக்குக் கற்றுத்தந்தது.

“மரம் பட்டுப்போச்சோ?”

முதன்முதலில் மேப்பிள் படம் வந்தபோது அம்மம்மா கேட்டார்: “அங்க மழை இல்லையோ? மரமெல்லாம் பட்டுப்போச்சே.” வன்னியில் இலை இப்படி நிறம் மாறினால் அது வரட்சி. அங்கே காரணம் வேறு. பகல் குறுகிக் குளிர் கூடும்போது, மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து அதன் சத்தைத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் ஏற்கெனவே இலைக்குள் இருந்ததுதான், பச்சை போனதும் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் அந்த நாட்களில் புதிதாக உருவாகிறது. மாமா இதையெல்லாம் குரல் பதிவில் விளக்கி, “சாகேல்லை அம்மா, நித்திரைக்குப் போகுது” என்று முடித்தார்.

குடும்பச் செய்தி மட்டும்

தொண்ணூறுகளில் வடக்கின் பெரும்பகுதியில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பிரிந்த உறவுகளிடம் செய்தி சேர்த்த வழிகளில் ஒன்று செஞ்சிலுவைக் கடிதம். அதில் குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். கடிதம் ஒட்டப்படாமல் திறந்தபடியே போகும், இடையில் யாரும் வாசிக்கலாம். ஆகவே எல்லோரும் எழுதியது ஒன்றுதான்: நாங்கள் சுகம், நீங்கள் சுகமா?

இன்று எமது குழுவில் வரும் செய்திகளும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. வேலை போனது, கடன், நோய், இரவில் வரும் கனவு எதுவும் அதில் வராது. அவற்றை ஒருவருக்கொருவர் தனியாகத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

வர முடியாதவர்கள்

பாரிஸில் இருக்கும் மச்சான் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் போய்ப் படம் போடுவார். கிளிநொச்சிக்கு வருவதில்லை. இங்குள்ள சிலருக்கு அது மனக்குறை. அவரிடம் இருப்பது 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 28ஆவது உறுப்புரைப்படி வழங்கப்படும் பயண ஆவணம். அந்த ஆவணத்தோடு தப்பிவந்த நாட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. போனால் பாதுகாப்புத் தேவையில்லை என்று கருதப்பட்டு, அகதி அந்தஸ்தே கேள்விக்குள்ளாகலாம். தஞ்ச விண்ணப்பம் முடிவாகாதவர்களின் நிலை இதைவிடக் கடினம். பல குடும்பங்கள் திருமணத்தைத் திருச்சியிலோ சென்னையிலோ வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். “உலகமெல்லாம் சுத்துறான், தாயைப் பார்க்க வரேல்லை” என்று சொல்லுமுன் இதை நினைக்கவேண்டும்.

பின்னால் நிற்பவர்கள்

எங்கள் சின்ன மாமா 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. அம்மம்மா எந்தப் பயணப் படம் வந்தாலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்து முடித்தபின் படத்தைப் பெரிதாக்கச் சொல்லுவார். “உதில பின்னால நிக்கிறது ஆர்?” பாரிஸ் ரயில் நிலையத்தின் கூட்டத்திலும் அவர் மகனைத் தேடுகிறார். இதை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் வெகுகாலம் சொல்லவில்லை. சொன்ன பிறகு, கூட்டத்தில் எடுத்த படங்களையும் அவர்கள் வெட்டாமல் அனுப்புகிறார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் தாய்மாரின் கையில் இருப்பது குடும்பப் படங்கள்தான். நாங்கள் முறையிடப் போன இடங்களிலெல்லாம் ஒரு படம் கேட்டார்கள். எப்போது, எங்கே எடுத்தது என்றும் கேட்டார்கள். சின்ன மாமாவின் படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது.

செய்யக்கூடியவை

வட்ஸ்அப்பில் சேர்ப்பிக்கப்பட்ட செய்திகளை அந்த நிறுவனம் தன்னிடம் வைத்திருப்பதில்லை. அவை எமது கைபேசியில்தான் இருக்கின்றன. பிரதி எடுத்து வைக்காத கைபேசி தொலைந்தால் அவையும் தொலைந்துவிடும். ஆகவே வருடத்தில் ஒரு முறையாவது முக்கியமான படங்களையும் மூத்தவர்களின் குரல் பதிவுகளையும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் யார், எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக அவர்கள் படிக்கும் மொழியிலும் எழுதுங்கள்.

நவம்பரில் இன்னொரு கவனம் தேவை. நினைவேந்தல் தொடர்பான முகநூல் பதிவுகளுக்காக இங்கே கைதுகள் நடந்திருக்கின்றன, 2024 நவம்பரிலும் நடந்தன. விளக்கேற்றும் படத்தை வெளிநாட்டிலிருந்து பொதுவில் இடுமுன், அதில் உள்ளவர்களிடமும் ஊரில் இருக்கும் குடும்பத்திடமும் கேளுங்கள். தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒருவர் நிற்கும் இடத்தைப் பெயர் சொல்லிப் பகிராதீர்கள்.

மேப்பிள் படங்களைத் தொடர்ந்து அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்கள் அவற்றை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிறார்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.