வண்டி அடிக்கடி நின்றுபோகிறதா? முதலில் நோட்டை எடுங்கள்!



ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி என்று பழைய ஆம்னி வேனில் சரக்கு ஏற்றும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. அதனால் இன்று ஓடுபவை எல்லாமே பழைய வண்டிகள்தான்.

இந்த வண்டிகளில் ஒரு தொல்லை உண்டு. ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஆஃப் ஆயிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் போனால் ஒழுங்காக ஓடும். அவரும் என்ன செய்வார்? பிளக், காயில், பம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். கடன் தவணைக்கு வைத்த பணம் பட்டறைக்குப் போய்விடும்.

இதற்கு வழி, வரவு செலவு எழுதுவதுபோல வண்டி நிற்பதையும் எழுதி வைப்பதுதான். எங்கே நின்றது, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, வெயிலா மழையா, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது? நாலு தடவை எழுதினாலே காரணம் பிடிபடத் தொடங்கும்.

என்ஜின் ஓட பெட்ரோல், காற்று, கரண்ட் மூன்றும் வேண்டும். சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. திக்கித் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு.

எப்போது நிற்கிறது?

1. பஸ் ஸ்டாண்டு, சிக்னலில் மெதுவாகும்போது: கார்புரேட்டரில் அழுக்கு, ஐடிலிங் குறைவு, காற்றுக் குழாயில் ஓட்டை. சுத்தம் செய்து சரிபார்த்தாலே பலமுறை போதும்.

2. சில கிலோமீட்டர் வேகமாக ஓடிய பிறகு: பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு அல்லது டேங்கில் குப்பை. நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம்.

3. மதிய வெயிலில் நின்று, ஆறியதும் ஓடினால்: சூட்டில் காயில் பழுதாகலாம், அல்லது குழாயில் பெட்ரோல் ஆவியாகலாம். ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சூடு அதிகம். நின்ற இடத்திலேயே மெக்கானிக் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது.

4. பள்ளத்தில் குலுங்கும்போது: பேட்டரி டெர்மினல், எர்த் வயர், சாவி சுவிட்ச் லூஸ்.

5. மழையில்: பிளக் வயரில் ஈரம்.

இன்னொரு விஷயம். 2025 முதல் பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாயை இது கெடுக்கலாம். டேங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தங்கும், வண்டி திக்கும். குழாயில் வெடிப்போ, வண்டிக்குள் பெட்ரோல் வாடையோ இருந்தால் ஓட்ட வேண்டாம். உடனே மாற்றுங்கள்.

நடுரோட்டில் நின்றால்

பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். என்ஜின் நின்றபின் பிரேக் கட்டையாகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். உருளும்போது சாவியை உருவ வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இராஜபாளையம் போகும் வழியில் வண்டி நின்றால், டிரைவர் தம்பியைத் திட்டுவதற்கு முன் நோட்டில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்டி, "எதை மாத்தறீங்க, ஏன் மாத்தறீங்க?" என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதுதான்!