வெண்பனியைத் தள்ளும் லோரி: மெதுவாகப் போவது ஏன்?

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ கனமழை பெய்தால் சாலையில் வெள்ளம் ஏறும். மழை விட்டதும் நீர் வடிந்துவிடும். வெண்பனி அப்படி வடியாது. குளிர் இருக்கும்வரை விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதை அகற்றினால்தான் சாலை திறக்கும்.

இந்தியாவின் ஸ்ரீநகரையும் லடாக்கின் லே நகரையும் இணைக்கும் சாலையில், 3,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் சோஜிலா கணவாய் இருக்கிறது. அது மூடப்பட்டால் லடாக்குக்கு எரிபொருளும் காய்கறியும் கொண்டுசெல்லும் முக்கியமான தரைவழி அடைபடும். 1960-இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பின் பணியாளர்கள், சோனமார்க் பக்கமிருந்தும் திராஸ் பக்கமிருந்தும் பனியை அகற்றிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். 2022-இல் 73 நாள்களும் 2023-இல் 68 நாள்களும் மூடிக் கிடந்த பிறகு, மார்ச் மாதத்தில் இந்தக் கணவாயைத் திறந்தார்கள்.

ஆள் உயரத்துக்கு மேல் குவிந்த பனியைப் புல்டோசர்களும், பனியை வெட்டித் தூர வீசும் இயந்திரங்களும் அகற்றும். திறந்திருக்கும் சாலையில் புதிதாக விழும் பனியை, முன்புறம் வளைந்த இரும்புத் தகடு பொருத்திய லோரி வழித்துத் தள்ளும். டொராண்டோவில் வாழும் நம் உறவினர்கள் குளிர்காலத்தில் அடிக்கடி பார்ப்பது இந்த லோரியைத்தான். இதை ஓட்டுபவர் பின்பற்றும் ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்குப் பின்னாலும் நீங்கள் படிக்கும் இயற்பியல் இருக்கிறது.

முதல் விதி: சீக்கிரம் தொடங்கு

புதிதாக விழுந்த பனியில் காற்றே அதிகம். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 100 கிலோகிராம்தான் இருக்கும். வாகனங்கள் ஏறி மிதித்து இறுகிய பனி 400 கிலோகிராமையும் தாண்டும். 3 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம், 100 மீட்டர் நீளம் என்று கணக்கிட்டால் 60 கன மீட்டர் பனி. புதிய பனி என்றால் 6 டன். அதே கன அளவில் இறுகிய பனி என்றால் 24 டன். அதனால்தான் பனி விழுந்துகொண்டிருக்கும்போதே லோரிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

இரண்டாம் விதி: பின்னால் பாரம் ஏற்று

800 கிலோகிராம் தகடு முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர். முன் அச்சுதான் இங்கே சுழல் புள்ளி. 800-ஐ 1.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 300 கிடைக்கும். அதாவது, பின் சக்கரங்கள் மீதுள்ள சுமையில் 300 கிலோகிராம் குறைந்துவிடும். பின் சக்கரங்களால் உந்தப்படும் லோரிக்கு இது ஆபத்து. சுமை குறைந்தால் உராய்வு குறையும். சக்கரம் வழுக்கிச் சுழலும். ஆகவே பின் அச்சுக்கு மேலே மணல் போன்ற பாரத்தை ஏற்றி, அது நகராதபடி கட்டிவைப்பார்கள்.

மூன்றாம் விதி: மெதுவாகப் போ

காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு சுமார் 0.7. பனிக்கட்டி மேல் அது சுமார் 0.1 ஆகக் குறைகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் பிரேக் பிடித்தபின், காய்ந்த சாலையில் ஏறக்குறைய 7 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டி மேல் அதற்கு 50 மீட்டர் வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் 12.5 மீட்டர் போதும், ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

பனிக்கு அடியில் மறைந்திருக்கும் கல்லிலோ சாக்கடை மூடியிலோ தகடு மோதக்கூடும். அப்போது தகடு பின்னோக்கி மடங்கிக்கொடுக்கும்படி சுருள்வில்கள் வைத்திருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அப்போது சுருள்வில் தாங்காது.

இன்னொன்றும் உண்டு. தகட்டைச் சாய்த்துப் பனியைச் சாலையின் இடப்பக்கம் தள்ளும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பனியும் லோரியை வலப்பக்கம் தள்ளும். இந்தியாவில் வாகனங்கள் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் செல்பவை. எனவே வலப்பக்கம் என்பது எதிரே வாகனம் வரும் பக்கம். வேகம் கூடினால் இந்த விசையும் கூடும்.

சாலையில் மற்றவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பனி அகற்றும் லோரியை முந்தக்கூடாது. நெருங்கிப் பின்தொடரவும் கூடாது. தகடு கிளப்பும் பனித்தூளில் பின்னால் வருபவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

செய்து பாருங்கள்

30 சென்டிமீட்டர் அளவுகோலின் 10 சென்டிமீட்டர் குறிக்கு அடியில் ஒரு பென்சிலை வையுங்கள். அதுதான் முன் அச்சு. குட்டையான முனையில் 20 சென் நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். எத்தனையாவது நாணயத்தில் நீண்ட முனை மேலே எழும்புகிறது? இப்போது அந்த நீண்ட முனையில் ஒரே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். பின் அச்சில் ஏற்றிய மணலின் வேலை புரிந்துவிடும்.

நம் ஊரில் வெண்பனி இல்லாவிட்டாலும் உராய்வின் விதி இங்கேயும் அதேதான். மழையில் நனைந்த கூட்டரசு நெடுஞ்சாலையில் அப்பா வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் காருக்கு அதிக இடைவெளி விட்டால், "ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள்?" என்று அவசரப்படுத்தாதீர்கள். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.